பத்தில் ஒரு விநாடி: போர் ஆயுதங்களுக்குள் புகுந்த கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதனை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஆவலுடன் கேட்பதுண்டு. கடிதம் டைப் செய்யலாம், வீட்டுக் கணக்குப் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், இன்டர்நெட்டில் உலகைச் சுற்றி வரலாம். ஆனால் உலகின் முதல் பொதுப் பயன் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் எனப்படும் எனியாக் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? பீரங்கியில் இருந்து புறப்படும் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடுவதற்காக!

அன்று பீரங்கிக்கு வெளியே, ஒரு பெரிய அறையில் நின்று கணக்குப் போட்ட கம்ப்யூட்டர், அடுத்த 30, 40 ஆண்டுகளில் விமானம், ஏவுகணை, டாங்கி, கப்பல் என எல்லாவற்றின் உள்ளேயும் புகுந்துவிட்டது. இன்று ஓர் ஆயுதம் நல்ல ஆயுதமா என்பதை அதன் இரும்பும் வெடிமருந்தும் மட்டும் முடிவு செய்வதில்லை. உள்ளே இருக்கும் புரோகிராமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அந்தப் புரோகிராமில் ஒரு சிறு பிழை இருந்தால் என்ன ஆகும்? 1991ல் அதற்கு விலையாக 28 உயிர்கள் போயின. அந்தப் பிழைக்குக் காரணமான எண் மிகவும் சாதாரணமானது. அது 0.1. இந்தக் கதையை முழுவதுமாகப் பார்ப்போம்.

குண்டு எங்கே விழும்?

பீரங்கியால் சுடுபவருக்கு இலக்கு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பீரங்கிக் குழாயை எத்தனை டிகிரி உயர்த்த வேண்டும் என்பது தூரத்தை மட்டும் பொறுத்ததல்ல. காற்றின் வேகம், வெப்பநிலை, குண்டின் எடை, வெடிமருந்தின் அளவு என எல்லாவற்றையும் பொறுத்தது. இவற்றை எல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு, வாய்ப்பாடு போல ஒரு புத்தகமாக அச்சடித்துப் பீரங்கியுடன் கொடுத்து விடுவார்கள். அந்த அட்டவணை இல்லாத பீரங்கி, விலாசம் எழுதாத கடிதம் மாதிரி.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் இந்த அட்டவணைகளைத் தயாரிக்கப் பல பெண்களை வேலைக்கு வைத்திருந்தது. அவர்களது வேலையின் பெயரே 'கம்ப்யூட்டர்' என்பதுதான். ஒரே ஒரு குண்டின் பாதையை மேசைக் கணக்குப் பொறியின் உதவியோடு கணக்கிட ஒருவருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். ஓர் அட்டவணைக்கோ ஆயிரக்கணக்கான பாதைகள் தேவை. புதிய பீரங்கிகள் தொழிற்சாலையில் இருந்து வந்துகொண்டே இருந்தன. அட்டவணைகள் தான் வரவில்லை.

இதற்குத் தீர்வாக 1943ல் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்துடன் ராணுவம் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கெர்ட் என்ற இருவரின் தலைமையில் உருவானதுதான் எனியாக். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. விநாடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்தது. 20 மணி நேரக் கணக்கை ஏறக்குறைய 30 விநாடிகளில் முடித்தது. குண்டு இலக்கில் போய் விழுவதற்கு முன்பே அதன் பாதையை இது கணக்கிட்டுவிடும் என்று வியந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1946 பிப்ரவரியில் எனியாக் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டபோது போர் முடிந்து போயிருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலையும் பீரங்கிக் கணக்கு அல்ல, ஹைட்ரஜன் குண்டுக்கான கணக்கு.

இன்று அதே பீரங்கிக் கணக்கை டாங்கிக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி செய்துவிடுகிறது. சென்னையை அடுத்த ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியிலும் அப்படி ஒரு கம்ப்யூட்டர் உண்டு. லேசர் கதிர் தூரத்தை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் குழாயைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவருகிறது. 30 டன் இயந்திரத்தின் வேலை ஒரு டாங்கியின் மூலையில் அடங்கிவிட்டது.

அறையில் இருந்து ஆயுதத்துக்குள்

கம்ப்யூட்டர் ஆயுதத்துக்குள் போவதற்குத் தடையாக இருந்தது அதன் உருவம். 1950களில் சோவியத் விமானங்கள் வருகின்றனவா என்று கண்காணிக்க அமெரிக்கா 'சேஜ்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. அதன் முதல் மையம் 1958ல் இயங்கத் தொடங்கியது. ஐபிஎம் தயாரித்த அந்தக் கம்ப்யூட்டரின் எடை சுமார் 250 டன்! ஒரு முழுக் கட்டிடமே அதற்குத் தேவைப்பட்டது.

ஆனால் இன்று உங்கள் மேசை மேல் இருக்கும் பல விஷயங்களுக்கு அங்கே விதை போடப்பட்டது. பல ஊர்களில் இருந்த ரேடார்களின் தகவல்கள் டெலிபோன் கம்பிகள் வழியே கம்ப்யூட்டருக்கு வந்தன. நம் ஊர்களில் இன்டர்நெட் இணைப்புக்கு முதலில் பயன்பட்ட மோடத்தின் முன்னோர் இதற்காகவே வடிவமைக்கப்பட்டனர் எனலாம். திரையில் தெரியும் விமானப் புள்ளியின் மீது துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வைத்து அழுத்தினால் அந்த விமானம் தேர்வு செய்யப்படும். நாம் மவுஸால் கிளிக் செய்வதும், திரையை விரலால் தொடுவதும் இதே கருத்துதான்.

அடுத்து உருவம் சுருங்கியது. 1962ல் தயார் நிலைக்கு வந்த மினிட்மேன் என்ற அமெரிக்க ஏவுகணையின் உள்ளேயே டிரான்சிஸ்டர்களால் ஆன கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்துகொண்டது. 1960களின் நடுவில் வந்த மினிட்மேன் இரண்டில் ஐசி எனப்படும் சிப்கள் பயன்படுத்தப்பட்டன. அப்போது சிப்களின் விலை மிக அதிகம். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ திட்டமும் இந்த ஏவுகணைத் திட்டமும் ஆயிரக்கணக்கில் வாங்கியதால்தான் தயாரிப்பு பெருகி, விலை இறங்கி, பின்னாளில் வீட்டுக் கம்ப்யூட்டர் சாத்தியமானது.

இன்னொரு சுவையான செய்தி. முதல் மைக்ரோ பிராசசர் எது என்று கேட்டால், 1971ல் வெளிவந்த இன்டெல் 4004 என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் எஃப் 14 என்ற போர் விமானத்துக்காக ரே ஹோல்ட், ஸ்டீவ் கெல்லர் ஆகியோர் உருவாக்கிய சிப் தொகுப்பு 1970லேயே தயாராகிவிட்டது. இந்த விமானத்தின் இறக்கைகள் வேகத்துக்கு ஏற்பப் பின்னோக்கி மடங்கும். எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைக் கணக்கிடுவது இந்தச் சிப்களின் வேலைகளில் ஒன்று. ராணுவ ரகசியம் என்பதால் 1998 வரை இது வெளியே தெரியவில்லை. எது முதல் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது.

விமானத்தை ஓட்டுவது யார்?

பழைய விமானங்களில் விமானி கையில் பிடித்திருக்கும் தடிக்கும் இறக்கைக்கும் இடையே கம்பிகளும் எண்ணெய்க் குழாய்களும் இருந்தன. 1974ல் முதன்முதலில் பறந்த எஃப் 16 விமானத்தில் அவற்றுக்குப் பதில் மின்சார ஒயர்கள் வந்தன. விமானி தடியை அசைத்தால் அது ஒரு சிக்னலாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். இறக்கையின் பாகங்களை எவ்வளவு அசைப்பது என்று கம்ப்யூட்டரே முடிவு செய்யும்.

இப்படி ஏன் செய்தார்கள்? வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக இந்த விமானத்தை வேண்டுமென்றே நிலையில்லாத வடிவத்தில் கட்டினார்கள். விரல் நுனியில் துடைப்பக் குச்சியை நிறுத்தி வைத்து விளையாடியிருப்பீர்கள். கையை நொடிக்கு நொடி அசைத்துக்கொண்டே இருந்தால்தான் குச்சி நிற்கும். அதுபோல இந்த விமானத்தை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மனிதக் கை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. கம்ப்யூட்டர் நின்றால் விமானம் பறக்காது என்பதால் ஒன்றுக்கு நான்காக ஒரே வேலையைச் செய்யும் அமைப்புகளை வைத்தார்கள். ஒன்று தவறான விடை சொன்னால் மற்றவை அதனை ஒதுக்கிவிடும்.

நம் நாட்டின் தேஜஸ் விமானமும் இதே வகைதான். 2001 ஜனவரி 4ல் பெங்களூரில் முதன்முதலில் பறந்த இதிலும் நான்கு மடங்கு டிஜிட்டல் கட்டுப்பாடு உண்டு. தேஜஸ் விமானங்களின் முதல் படைப்பிரிவு 2018ல் கோவை அருகே உள்ள சூலூருக்கு வந்தது.

வழி கண்டுபிடிக்கும் குண்டு

வியட்நாமில் தான் ஹோவா என்ற ஊரில் ஓர் இரும்புப் பாலம் இருந்தது. 1965 முதல் அமெரிக்க விமானங்கள் அதன் மீது நூற்றுக்கணக்கான முறை குண்டு வீசின. பல விமானங்கள் விழுந்தனவே தவிர, பாலம் விழவில்லை. 1972 மே மாதத்தில் லேசர் ஒளியைப் பின்தொடர்ந்து செல்லும் குண்டுகளைப் போட்டார்கள். பாலம் உடைந்தது. எவ்வளவு குண்டு போடுகிறோம் என்பதைவிட எவ்வளவு சரியாகப் போடுகிறோம் என்பதே முக்கியம் என்று ராணுவங்கள் புரிந்துகொண்டன.

லேசருக்கு மேகமும் புகையும் தடை. எனவே அடுத்ததாக ஜிபிஎஸ் வந்தது. இன்று உங்கள் செல்போன் வழி காட்டுவதும் இதனால்தான். 1978ல் இதன் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1983ல் வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் ஜிபிஎஸ் பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கினார்கள்.

ஜிபிஎஸ் உண்மையில் ஒரு கடிகாரம்தான். செயற்கைக்கோளில் இருந்து சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுகிறது. சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால், நேரக் கணக்கில் பத்து லட்சத்தில் ஒரு விநாடி பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். நவீன ஆயுதங்களில் நேரம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்காக இதனைச் சொன்னேன். அந்த நேரம்தான் 1991ல் காலை வாரியது.

பேட்ரியாட் என்ன செய்யும்?

பேட்ரியாட் என்பது எதிரி விமானங்களையும் ஏவுகணைகளையும் நடு வானில் அழிக்கும் அமெரிக்க ஏவுகணை அமைப்பு. லாரிகளின் மேல் ஏற்றி இடம் மாற்றக்கூடியது. ரேடார், கட்டுப்பாட்டு அறை, ஏவுகணைகள் எல்லாம் சேர்ந்தது ஒரு பேட்டரி. நம் டார்ச் லைட் பேட்டரி அல்ல, ராணுவத்தில் பீரங்கிப் பிரிவுக்கு அப்படிப் பெயர்.

1991 வளைகுடாப் போரில் ஈராக் தன்னிடம் இருந்த ஸ்கட் ஏவுகணைகளை சவூதி அரேபியா மீதும் இஸ்ரேல் மீதும் ஏவியது. விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அவை வந்தன. பேட்ரியாட்டை வடிவமைத்தபோது மனதில் இருந்ததோ ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும் விமானங்கள். அதுவும் ஓர் இடத்தில் சில மணி நேரம் இயங்கிவிட்டு வேறிடத்துக்கு நகர்ந்துவிடும் என்ற கணிப்பு. வளைகுடாவில் இரண்டு கணிப்பும் மாறிப் போயின.

வானில் ஏதோ ஒன்றை ரேடார் பார்த்ததும், பேட்ரியாட்டின் கம்ப்யூட்டர் அதன் வேகத்தையும் பார்த்த நேரத்தையும் கொண்டு, அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று கணிக்கும். கணித்த இடத்தைச் சுற்றி ஒரு ஜன்னல் போல எல்லை வகுத்து, அங்கே மட்டும் மறுபடி பார்க்கும். அந்த ஜன்னலுக்குள் பொருள் தெரிந்தால் அது நிஜமான ஏவுகணை. தெரியாவிட்டால் முதலில் பார்த்தது வெறும் மாயத் தோற்றம் என்று கம்ப்யூட்டர் விட்டுவிடும். ஆகவே ஜன்னலைச் சரியான இடத்தில் திறப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்குத் தேவை சரியான நேரம்.

0.1ல் என்ன சிக்கல்?

பேட்ரியாட்டின் கடிகாரம், அதனை ஆன் செய்ததில் இருந்து பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே போகும். இந்த எண்ணிக்கையை விநாடியாக மாற்ற 0.1ஆல் பெருக்க வேண்டும். சிறு குழந்தைகூடப் போடும் கணக்கு. ஆனால் கம்ப்யூட்டருக்கு 0.1 என்பதை எழுதவே தெரியாது!

பத்து ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிடுங்கள். ஆளுக்கு 3 ரூபாய் 33 பைசா. ஒரு பைசா மிஞ்சுகிறது. எத்தனை தசம இடங்கள் போனாலும் 3.3333 என்று நீண்டுகொண்டே போகுமே தவிர முடியாது. நம் பத்து அடிப்படை எண் முறையில் மூன்றில் ஒரு பங்கு இப்படி முடிவில்லாமல் போகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே எண்கள் கொண்ட பைனரி முறை. அதில் இரண்டில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று பாதி பாதியாகத்தான் பின்னங்களைச் சொல்ல முடியும்.

0.1ஐ அப்படி எழுதிப் பாருங்கள். 16ல் ஒரு பங்கையும் 32ல் ஒரு பங்கையும் கூட்டினால் 0.09375. அதனுடன் 256ல் ஒரு பங்கு, 512ல் ஒரு பங்கு சேர்த்தால் 0.099609375. இன்னும் சேர்த்தால் இன்னும் நெருங்கும். ஆனால் 0.1ஐத் தொடவே தொடாது.

எங்காவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? 1970களின் வடிவமைப்பான பேட்ரியாட் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை வைக்க 24 பிட்கள் மட்டுமே இருந்தன. அதற்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்தார்கள். வெட்டியதால் வந்த பிழை சுமார் 0.000000095. அதாவது ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. இதனால் என்ன குறைந்துவிடும் என்றுதானே தோன்றுகிறது?

கணக்கைத் தொடருங்கள். 100 மணி நேரம் என்பது 36 லட்சம் பத்தில் ஒரு விநாடிகள். 36 லட்சத்தை அந்தச் சிறு பிழையால் பெருக்கினால் வருவது சுமார் 0.34 விநாடி. கண் இமைக்கும் நேரம். அதற்குள் ஒரு ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் பறந்துவிடும்.

ஒரு சந்தேகம் வரலாம். கடிகாரம் தொடர்ந்து ஒரே அளவு தப்பாக இருந்தால், இரண்டு நேரங்களைக் கழிக்கும்போது பிழையும் கழிந்துவிடாதா? நல்ல கேள்வி. புரோகிராமின் சில இடங்களில் நேரத்தை மாற்றும் கணக்கைத் துல்லியமாகத் திருத்தியிருந்தார்கள். சில இடங்களில் பழைய கணக்கே இருந்தது. எனவே திருத்திய நேரத்தில் இருந்து திருத்தாத நேரம் கழிக்கப்பட்டது, பிழை அப்படியே நின்றது என்று பின்னால் செய்த அலசல்கள் காட்டின. பாதி திருத்திய புரோகிராம் சில சமயம் திருத்தாத புரோகிராமைவிட ஆபத்தானது.

நூறு மணி நேரம்

நடந்ததை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 1992 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அதில் உள்ள தேதிகளை வரிசையாகப் பாருங்கள்.

1991 பிப்ரவரி 11: பேட்ரியாட் தொடர்ந்து 8 மணி நேரம் ஓடினாலே அந்த ஜன்னல் 20 சதவீதம் நகர்ந்துவிடுகிறது என்று இஸ்ரேலில் இருந்து தகவல் வந்தது. 8 மணி நேரத்தில் பிழை 55 மீட்டர். 20 மணி நேரத்தில் 137 மீட்டர். அதற்கு மேல் போனால் ஏவுகணை ஜன்னலுக்கு வெளியே போய்விடும்.

பிப்ரவரி 16: திருத்திய புரோகிராம் தயாராகி அனுப்பப்பட்டது. அப்போது இன்டர்நெட்டில் டவுன்லோட் செய்யும் வசதி கிடையாது. போர் நடக்கும் இடங்களுக்கு விமானத்திலும் லாரியிலும்தான் போக வேண்டும்.

பிப்ரவரி 21: மிக நீண்ட நேரம் தொடர்ந்து இயக்கினால் ஜன்னல் நகரலாம் என்று எல்லாப் பேட்ரியாட் பிரிவுகளுக்கும் ஒரு செய்தி போனது. 'மிக நீண்ட நேரம்' என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் சொல்லவில்லை. யாரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்ட மாட்டார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள்.

பிப்ரவரி 25: சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த ஒரு பேட்டரி 100 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவு ஒரு ஸ்கட் வந்தது. ரேடார் முதலில் அதனைப் பார்த்தது. கம்ப்யூட்டர் 687 மீட்டர் தள்ளி ஜன்னலைத் திறந்து பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. எனவே பேட்ரியாட் ஏவப்படவே இல்லை. கிடங்கு ஒன்றை மாற்றி அமைத்த அமெரிக்க வீரர்களின் தங்குமிடத்தில் ஸ்கட் விழுந்தது. 28 பேர் இறந்தனர். சுமார் 100 பேர் காயமடைந்தனர்.

பிப்ரவரி 26: திருத்திய புரோகிராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

இறந்தவர்களில் 13 பேர் பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரே பிரிவினர். 69 பேர் கொண்ட அந்தப் பிரிவின் வேலை சண்டை போடுவது அல்ல, குடிநீரைச் சுத்திகரிப்பது. சவூதிக்கு வந்து ஆறு நாட்கள்தான் ஆகியிருந்தன.

சரியான இடத்தில் பார்த்திருந்தால் பேட்ரியாட் அந்த ஸ்கட்டைக் கட்டாயம் அழித்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. அந்தப் போரில் பேட்ரியாட் உண்மையில் எத்தனை ஸ்கட்களை வீழ்த்தியது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அன்று அதற்கு ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது எது தெரியுமா? பைனரி கணக்குகூட அல்ல. கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். பிழையும் பூஜ்யமாகிவிடும். அதற்கு ஆகும் நேரம் 60 முதல் 90 விநாடிகள். '8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யவும்' என்ற ஒரே ஒரு வரி பிப்ரவரி 21ஆம் தேதிச் செய்தியில் இருந்திருந்தால் போதும். நானும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். பிழையைத் திருத்துவதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட, பிழை இருக்கிறது என்பதைப் பயன்படுத்துபவருக்குப் புரியும்படி எழுதுவதற்கு எங்கள் தொழிலில் கொடுப்பதில்லை. 'நீண்ட நேரம்', 'சில சமயம்', 'அதிக அளவு' போன்ற சொற்களை ஓர் எச்சரிக்கையில் பார்த்தால் 'எத்தனை?' என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது இந்த அறிக்கையைப் படித்த பிறகுதான்.

கப்பலும் தப்பவில்லை

பேட்ரியாட் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கடற்கரைக்கு அருகே நடுக்கடலில் நின்றுவிட்டது. ஆட்களைக் குறைப்பதற்காக அதில் விண்டோஸ் என்டி நிறுவிய 27 கம்ப்யூட்டர்களைப் பொருத்தியிருந்தார்கள். மாலுமி ஒருவர் ஒரு கட்டத்தில் 0 என்று டைப் செய்தார். புரோகிராம் ஓர் எண்ணை அந்த 0ஆல் வகுக்க முயன்றது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது அல்லவா? புரோகிராம் நின்றது, அதனைத் தொடர்ந்து நெட்வொர்க் முழுவதும் முடங்கி எஞ்சினும் நின்றது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் கப்பல் நகரவில்லை. தவறான எண்ணைக் கொடுத்தால் 'இது செல்லாது' என்று சொல்லியிருக்க வேண்டியது புரோகிராம்.

2007 பிப்ரவரியில் எஃப் 22 ரக விமானங்கள் சில ஹவாயில் இருந்து ஜப்பானுக்குப் பறந்தன. பசிபிக் கடலின் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியதும் வழிகாட்டும் கம்ப்யூட்டர்கள் செயலிழந்தன. உடன் வந்த எரிபொருள் விமானங்களைப் பின்தொடர்ந்து பத்திரமாக ஹவாய்க்குத் திரும்பினார்கள். வானம் தெளிவாக இருந்ததால் நல்லதாயிற்று. சில நாட்களில் புரோகிராம் திருத்தப்பட்டது.

இன்றைய எஃப் 35 விமானத்தில் 80 லட்சம் வரிகளுக்கும் மேல் புரோகிராம் உள்ளது. வரிகள் கூடக் கூடப் பிழைகள் ஒளிந்துகொள்ள இடமும் கூடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

பேட்ரியாட்டின் 0.1 பிழை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. நம்ப முடியவில்லையா? எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, ஏதேனும் ஒரு செல்லில் =1*(0.5-0.4-0.1) என டைப் செய்து என்டர் தட்டவும். விடை 0 என்றுதானே வர வேண்டும்? மைனஸ் 2.78 என்று தொடங்கும் விசித்திரமான எண் ஒன்று கிடைக்கும். புள்ளிக்குப் பின் 16 பூஜ்யங்கள் போட்டு அதன் பிறகு 278 என்று எழுதினால் வரும் எண் அது. வீட்டுக் கணக்குக்கு இதனால் ஆபத்து இல்லை. பணம் தொடர்பான புரோகிராம்களில் ரூபாயைத் தசமமாக வைக்காமல், மொத்தத்தையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பது எங்களிடையே உள்ள வழக்கம். முழு எண்ணுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

தொடர்ந்து ஓடினால் கெடும் கடிகாரமும் நமக்குப் புதிதல்ல. விண்டோஸ் 95, 98 சிஸ்டங்கள் 49.7 நாட்கள் நிறுத்தாமல் ஓடினால் நின்றுபோகும் பிழை கொண்டவை. ஆயிரத்தில் ஒரு விநாடியாக எண்ணும் 32 பிட் கடிகாரம் அத்தனை நாளில் நிரம்பிவிடும். அதற்கு முன்பே அவை வேறு காரணங்களுக்காக ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் பலருக்கு இது தெரியவே இல்லை!

உங்கள் கம்ப்யூட்டர் எத்தனை நேரமாக ஓடுகிறது என்று பார்க்க, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒருசேர அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் சிபியூ என்பதைக் கிளிக் செய்தால், கீழே அப் டைம் என்ற இடத்தில் நாள், மணி, நிமிடம், விநாடி வரிசையில் விடை தெரியும். தினமும் ஷட் டவுன் செய்தும் பல நாட்கள் காட்டுகிறதே என்று திகைக்க வேண்டாம். இப்போதைய விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் ஒரு பகுதி ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப எடுக்கப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். எனவே கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று மெக்கானிக்கை அழைக்கும் முன், ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கவும்.

அதுபோல 'அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவும்' என்ற அறிவிப்பு வரும்போது வாரக் கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். எங்கோ ஒருவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, இன்னொருவர் அதனைத் திருத்தி, உங்கள் மேசை வரை அனுப்பியிருக்கிறார்கள். தஹ்ரானில் இருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் வந்து சேர பத்து நாட்கள் ஆயின, ஒரு நாள் பிந்திவிட்டது. நமக்கு அது வந்து காத்திருக்கிறது. வேலையைச் சேமித்துவிட்டு ஒரு கிளிக் செய்தால் போதும்.